அளக்கவியலாமையும் நிலையாமையும்: ‘அன்பிரெடிக்டபிள்’ என்னும் ஆங்கிலப் பெயரடையும் அதன் சீன நிகரன்களும்

ஆய்வுச் சுருக்கம்

முன்கூட்டி அறிதற்கு அரியவற்றைச் சுட்ட ஆங்கிலத்தில் வழங்கும் ‘அன்பிரெடிக்டபிள்’ என்னும் பெயரடைக்கு ஆங்கில–சீன அகராதிகளும் சொற்பட்டியல் நூல்களும் பல நிகரன்களை அடுக்கித் தருகின்றன. இந்நிகரன்கள் ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. அறிய முயன்றவர் யார், எவ்வழியில் முயன்றார், குறை அறிபவரிடத்ததா அறியப்படும் பொருளிடத்ததா ஆகிய வினாக்களுக்கு அவை வெவ்வேறு விடை தருகின்றன. சொற்பிறப்பு, பௌத்தக் கலைச்சொல் மரபு, நிலநடுக்கவியல், ஒப்பந்தச் சட்டம் ஆகிய இடங்களில் இவ்வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இருமொழி அகராதியியல், சீனம், நிகரன், பெயரடை, நிலையாமை, முன்னறிவிப்பு.

சிக்கல்

சீனத்தில் ஆங்கிலம் பயிலும் மாணவர் கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் அகராதி அன்று; தேர்வை நோக்கித் தொகுக்கப்பட்ட சொற்பட்டியல் நூலே. அகரவரிசையில் அமைந்த பட்டியல் பலவற்றில் ‘கைவிடு’ எனப் பொருள்படும் ‘அபாண்டன்’ தலைப்பில் நிற்கும். முதற்சொல்லிலேயே படிப்பைக் கைவிட்டோம் என்று மாணவர்கள் தம்மைத் தாமே எள்ளிக்கொள்வது அங்கே பழகிப்போன நகைச்சுவை. இத்தகைய நூல்களில் ஒரு சொல்லுக்குக் கிடைக்கும் இடம் ஒரு வரி. அவ்வொரு வரிக்குள் இரண்டு அல்லது மூன்று சீனத் தொடர்கள்.

‘அன்பிரெடிக்டபிள்’ என்பதற்கு எதிரே வழக்கமாகக் காணப்படுவன இவை: ‘பு-க-யு-த்ஸ’ (முன்கூட்டி அளக்க இயலாத), ‘நான்-யி-யு-லியாவ்’ (முன்கூட்டி மதிப்பிடக் கடினமான), ‘வு-ஃபா-யு-யென்’ (முன்கூட்டிச் சொல்ல வழியில்லாத), ஆளைப் பற்றியதாயின் ‘நான்-யி-ஜுவோ-மோ’ (பிடித்துத் தடவிப் பார்க்கக் கடினமான). வானிலைக்குப் ‘பியென்-ஹுவான்-மோ-த்ஸ’ (மாறி மாறி அளவுக்கு அகப்படாத) என்னும் நான்கசை மரபுத்தொடரும், மனிதருக்கு ‘ஃபான்-ஃபு-வு-ச்சாங்’ (முன்னும் பின்னும் புரண்டு நிலையின்றி இருக்கிற), ‘ஷி-நு-வு-ச்சாங்’ (மகிழ்வும் சினமும் நிலையில்லாத) என்னும் தொடர்களும் சேர்வதுண்டு. ஒவ்வொன்றின் ஈற்றிலும் ‘த’ என்னும் இடைச்சொல் ஒட்டியிருக்கும். அது இத்தொடர் பெயரடை என்பதற்கான அகராதி அடையாளம். நாட்பட்ட பழக்கத்தால் அவ்விடைச்சொல்லை யாரும் கவனிப்பதில்லை. ஆயினும் வினைத்தொடர்களாகவே இயல்பாக வாழும் இவற்றை ஒரே அச்சில் வார்த்து, ஒன்றுக்கு ஒன்று ஈடு என்று தோன்றச் செய்வது அதுவே.

ஆங்கில–சீன அகராதி மரபு இளையது அன்று. ராபர்ட் மோரிசன் 1815 முதல் 1823 வரை மக்காவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அச்சகத்தில் வெளியிட்ட பேரகராதியின் மூன்றாம் பகுதி ஆங்கிலத்திலிருந்து சீனத்திற்குச் செல்வது. லோப்ஷைட்டின் அகராதி ஹாங்காங்கில் 1866–1869 காலத்தில் வந்தது. லு கூசுன் தலைமையில் உருவான ‘ஆங்கில–சீனப் பேரகராதி’ ஷாங்காயில் 1989, 1991 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. இவற்றின் தரவுச் செழுமையைக் குறைத்துக் கூறுவது இங்கு நோக்கமன்று. நிகரன்களை அடுக்கும் முறை என்ன சொல்லாமல் விடுகிறது என்பதே கேள்வி.

விகுதி மறைக்கும் ஆள்

ஆங்கிலச் சொல்லின் ஈற்றிலுள்ள ‘-ஏபிள்’ விகுதி, வினையைச் செய்பவரை மறைத்துவிடுகிறது. கணிக்க இயலாதவர் நாம். ஆனால் சொல் ஒட்டிக்கொள்வது வானிலையின் மீது. ‘கடல் உப்பானது’ என்பதைப் போலவே ‘கடல் அன்பிரெடிக்டபிள்’ என்றும் சொல்லலாம். அறிபவரின் இயலாமை அறியப்படும் பொருளின் குணமாகிவிடும். 1987-இல் ஜான் சின்க்ளேரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்த கோபில்டு அகராதி, முழுத்தொடர் வரையறை என்னும் முறையைக் கைக்கொண்டு, வரையறைக்குள் ‘நீங்கள்’ என ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தியது. மறைந்திருந்த ஆள் திரும்ப மேடையேறுகிறார். அம்முறையின் பயன் இத்தகைய சொற்களிலேயே மிகுதியும் புலப்படுகிறது.

சீனத்தில் ‘-ஏபிள்’ போன்றதொரு விகுதி இல்லை. ஆகவே தொடக்கத்திலேயே ஒரு தேர்வு செய்தாக வேண்டும். ‘பு-க’ என்றால் இயலாது. ‘நான்-யி’ என்றால் கடினம். ‘வு-ஃபா’ என்றால் வழியில்லை. ஆங்கிலச் சொல் இம்மூன்றுக்கும் இடையே எதையும் தேர்வதில்லை. வடிவத்தில் அது முற்றான மறுப்பு. வழக்கிலோ ‘மிகவும்’, ‘சற்று’, ‘முன்னினும்’ என்னும் அளவடைகள் அதன் முன் தாராளமாக வருகின்றன. ‘பு-க-யு-த்ஸ’ என்பதன் முன் ‘மிக’ எனப் பொருள்படும் ‘ஹன்’ அவ்வளவு இயல்பாக ஒட்டுவதில்லை. ‘ஹன்-நான்-யு-த்ஸ’ (கணிக்க மிகக் கடினம்) என்பதே பேச்சிலும் எழுத்திலும் இயல்பு. எனவே முதல் நிகரனை மட்டும் மனத்தில் பதித்த மாணவர், ஆங்கிலச் சொல்லை அது உள்ளதைவிடக் கடுமையான சொல்லாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. ‘பு-க’ என்பது பழைய நடையில் ‘கூடாது’ என்னும் விலக்கையும் சுட்டும். தமிழ் ‘ஆகாது’ இயலாமைக்கும் விலக்குக்கும் பொதுவாக நிற்பதை அறிந்த நமக்கு இது வியப்பன்று.

தமிழிலும் ‘கணிக்க முடியாத’ என்னும் பெயரெச்சம் ஆளை மறைக்கவே செய்கிறது. ‘கணிக்க முடியாத சோதிடர்’ என்றால் அவர் கணிக்கத் தெரியாதவரா, பிறரால் கணிக்கப்பட முடியாதவரா என்பது இடத்தால்தான் தெளியும்.

சொல்லுதலும் அளத்தலும்

‘பிரெடிக்ட்’ என்னும் வினை, ‘முன்’ என்னும் பொருளுடைய இலத்தீன் முன்னொட்டும் ‘சொல்’ என்னும் பொருளுடைய வினையடியும் சேர்ந்தது. ஆகவே ‘அன்பிரெடிக்டபிள்’ என்பது சொற்பிறப்பு நோக்கில் ‘முன்சொல்ல இயலாதது’. இதற்கு உறுப்புக்கு உறுப்பு ஒத்த சீனச் சொல் ‘யு-யென்’: ‘யு’ என்பது முன், ‘யென்’ என்பது சொல். ஆயினும் இன்றைய சீனத்தில் ‘யு-யென்’ பெரிதும் தீர்க்கதரிசியின் வாக்கைக் குறிக்கிறது. பொருளியல் வல்லுநரும் நோய்ப்பரவலை ஆய்பவரும் செய்வது ‘யு-த்ஸ’, அதாவது முன்னளவு. வானிலை நிலையம் வெளியிடுவது ‘யு-பாவ்’, அதாவது முன்னறிவிப்பு. நாளைய செலவை மனத்தில் போட்டுப் பார்ப்பது ‘யு-லியாவ்’. வருவதைக் கண்டுகொள்வது ‘யு-ஜியென்’. ஆங்கிலத்தில் ஒரு வினை பல பணியைச் சுமக்க, சீனத்தில் வாய், அளவுகோல், ஓலை, படி, கண் எனக் கருவிக்கு ஒரு வினை நிற்கிறது.

இவற்றுள் இரண்டின் எழுத்து வடிவம் தனித்து நோக்கத்தக்கது. ‘த்ஸ’ என்னும் எழுத்தின் இடப்புறத்தில் நீரைக் குறிக்கும் மூன்று துளிகள் உள்ளன. சூ ஷென் கி.பி. 100 அளவில் தொகுத்த ‘ஷுவோவென் ஜியேசி’ இதனை நீர் ஆழத்தின் எல்லையோடு இணைத்துப் பொருள் கூறுகிறது. நீரில் கோலை இறக்கி அடி தட்டுகிறதா என்று பார்ப்பதே இதன் மூலச் செயல். ஆகவே ‘மோ-த்ஸ’ என்பது ஆழங்காணாமை. இந்த உருவகத்திற்கு ஆங்கிலத்தில் நேரான உறவினர் ‘அன்பிரெடிக்டபிள்’ அன்று. கடலாழ அளவையாகிய ‘ஃபாதம்’ என்பதிலிருந்து பிறந்த ‘அன்ஃபாதமபிள்’. ஆழங்காணாமை இக்கணத்தைப் பற்றியது. எதிர்காலத்தைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை. ஆழம் அறியப்படாத குளம் நாளையும் அதே குளந்தான். ‘ஷென்-பு-க-த்ஸ’ (ஆழம் அளக்கவியலாத) என்று ஒருவரைச் சொன்னால் அவர் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை என்பதே கருத்து. அவர் நிலைமாறுகிறவர் என்பது அன்று. ‘லியாவ்’ என்னும் எழுத்திலோ ஒருபுறம் அரிசியும் மறுபுறம் முகத்தலளவைக் கருவியும் உள்ளன. மரக்காலில் அரிசியை அளப்பதுபோல் வரப்போவதை மதிப்பிடுதல் என்று அச்சொல் விரிந்தது. ஆழமளக்கும் கோலுக்கும் அரிசியளக்கும் மரக்காலுக்கும் உள்ள தொலைவு, ‘த்ஸ’ உள்ள நிகரனுக்கும் ‘லியாவ்’ உள்ள நிகரனுக்கும் இடையே இன்றும் உணரப்படுகிறது. முன்னது அறிவியல் நடைக்கும் பின்னது அன்றாட வாழ்வின் எதிர்பார்ப்புக்கும் நெருங்கியது.

தமிழ் இவ்விடத்தில் இலத்தீனத்தோடு அன்றிச் சீனத்தோடு நிற்கிறது. ‘கணித்தல்’ எண்ணுதலிலிருந்து வருவது, கணியன் எண்ணுபவன். ‘சொல்லுதல்’ நமக்கும் குறி சொல்லுபவரிடமே தங்கிவிட்டது. ‘வானிலை முன்னறிவிப்பு’ என்னும் நம் வழக்குத்தொடர், ‘தியென்-ச்சி-யு-பாவ்’ என்னும் சீனத் தொடரின் நேர்ப்பெயர்ப்புபோலவே அமைந்திருக்கிறது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று ஆக்கப்பட்டது என்பதற்கில்லை. அரசுத் துறையின் பணி அறிவித்தல் என்னும் ஒரே எண்ணம் இரு மொழிகளையும் ஒரே வடிவத்திற்கு இட்டுச் சென்றிருக்கலாம்.

எதிர்பாராததும் கணிக்கவியலாததும்

இங்கே ஒரு குழப்பத்தைக் களைய வேண்டும். ‘அன்எக்ஸ்பெக்டட்’ என்பது நடந்துவிட்ட ஒன்றைப் பற்றிய சொல். ‘அன்பிரெடிக்டபிள்’ என்பது நடக்காவிடினும் பொருந்தும் சொல். கணிக்கவியலாத மலைப்பகுதி வானிலை, ஒருநாள் நாம் எண்ணியபடியே தெளிவாக இருந்துவிட்டாலும் கணிக்கவியலாத வானிலையே. சீனத்தில் முன்னதற்கு ‘ச்சு-ஹு-யி-லியாவ்’ (எண்ணத்தின் அளவைக் கடந்து வெளிப்போன) என்றும் ‘யி-வாய்’ (எண்ணத்திற்கு வெளியே) என்றும் வழங்கும். ‘யி-வாய்’ பெயராகவும் நின்று விபத்தைக் குறிக்கிறது. விபத்துக் காப்பீட்டின் பெயரிலும் அச்சொல்லே இருக்கிறது. இதைப் போன்றே, அளக்கப்படாதது என்னும் பொருளுடைய ‘பு-த்ஸ’ தனித்து நின்றால் நேர்ந்துவிட்ட கேட்டை, பெரும்பாலும் இறப்பை, இடக்கரடக்கலாகக் குறிக்கும். நடுநிலையான அளவைச் சொல்லாகத் தொடங்கியது வழக்கில் துயரச் சாயல் பெற்றிருக்கிறது. ஆங்கிலச் சொல்லுக்கு அச்சாயல் கட்டாயமன்று. கதையின் போக்கு கணிக்கவியலாதது என்றால் பெரும்பாலும் பாராட்டே.

‘வு-ச்சாங்’ என்னும் நிலையாமை

மனிதரைக் குறிக்கும் நிகரன்களில் திரும்பத் திரும்ப வரும் ‘வு-ச்சாங்’ என்னும் ஈரசைதான் இக்கட்டுரையின் நடுநாயகமான சிக்கல். ‘வு’ இன்மை, ‘ச்சாங்’ நிலைபேறு. நிலைத்த ஒழுங்கின்மை என்னும் பொருளில் இத்தொடர் பௌத்தத்திற்கு முன்பே வழங்கியது. பின்னர் இந்தியப் பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தோர் ‘அநித்யம்’ என்னும் கலைச்சொல்லுக்கு இதனையே எடுத்தாண்டனர். தமிழில் அதே கருத்து ‘அநித்தம்’ என மணிமேகலையின் இறுதிக் காதையில் பௌத்த அறத்தை விளக்குமிடத்தும், ‘நிலையாமை’ எனத் திருக்குறளின் 34-ஆம் அதிகாரத் தலைப்பிலும் பதிவு பெற்றுள்ளது. மணிமேகலையின் ‘அநித்தம்’ சீன நூல்களின் ‘வு-ச்சாங்’ கோடு ஒரே பௌத்த மூலத்தினின்றும் பிரிந்தது. குறளின் தலைப்பைப் பற்றி அவ்வாறு கூறவியலாது.

சீன நாட்டார் நம்பிக்கையில் ‘வு-ச்சாங்’ ஆளுருவும் பெற்றது. இறப்பவரின் உயிரைக் கொண்டுபோக வரும் கறுப்பு, வெள்ளைத் தூதுவர் இருவருக்கும் அதுவே பெயர். நம்முடைய எமதூதர்க்கு ‘நிலையாமை’ என்று பெயரிட்டாற்போன்றது இது. லூ சுன் இத்தூதுவனைப் பற்றி 1926-இல் ஒரு கட்டுரையே எழுதினார். ஊர்த்திருவிழா நாடகங்களில் வந்த அவ்வுருவத்தை அச்சத்தோடன்றி அன்போடு நினைவுகூரும் கட்டுரை அது.

இத்தனை வரலாறு சுமந்த சொல், ‘அன்பிரெடிக்டபிள்’ என்பதன் நிகரனாக அகராதியில் அமரும்போது நேர்வது என்ன? நிலையாமை பொருளின் தன்மை. கணிக்கவியலாமை அறிபவருக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள உறவு. இரண்டும் ஒன்றையொன்று உடன்கொண்டு வரவேண்டும் என்பதில்லை. நிலவு ஒவ்வோர் இரவும் வடிவம் மாறுகிறது. அதன் மாற்றத்தைப் பஞ்சாங்கம் ஆண்டுக்கணக்கில் முன்னே எழுதி வைத்துவிடுகிறது. நிலையாதது, ஆயினும் கணிக்கத்தக்கது. மறுபுறம், எட்வர்டு லோரென்ஸ் 1963-இல் வெளியிட்ட ஆய்வில் மூன்றே சமன்பாடுகள். அவை மாறாதவை, தற்செயலுக்கு அவற்றில் இடமில்லை. இருந்தும் தொடக்கநிலையில் உள்ள மிகச்சிறு வேறுபாடு விரைவில் பெருகி நெடுநாள் கணிப்பைப் பயனற்றதாக்கிவிடுகிறது. அதற்கு ஈராண்டு முன், கணினியில் 0.506127 என இருந்த மதிப்பை 0.506 எனச் சுருக்கி உள்ளிட்டபோதுதான் இவ்வுண்மை அவருக்குத் தட்டுப்பட்டது. விதி நிலையானது, கணிப்போ இயலாதது. இத்தகைய அமைப்பின் நடத்தையை ‘வு-ச்சாங்’ உள்ள எத்தொடராலும் பெயர்க்கவியலாது. ‘பு-க-யு-த்ஸ’ மட்டுமே பொருந்தும்.

மனிதரிடம் வரும்போது இப்பிழையின் விலை கூடுகிறது. ஒரு மேலாளரை ஆங்கிலத்தில் ‘அன்பிரெடிக்டபிள்’ என்றால் அவர் எப்படி நடந்துகொள்வார் என எனக்குப் பிடிபடவில்லை என்று சொல்வதாகவும் கொள்ளலாம். குறை என் அறிமுகக் குறைவாகவும் இருக்கலாம். ‘ஃபான்-ஃபு-வு-ச்சாங்’ என்றால் அவர் சொன்ன சொல்லில் நில்லாதவர் என்னும் பழி வந்து சேர்கிறது. ‘ஷி-நு-வு-ச்சாங்’ என்றால் காரணமின்றிச் சீறுகிறவர் ஆகிவிடுகிறார். அறிபவரின் வாக்குமூலம், அறியப்பட்டவர் மீதான குற்றப்பத்திரிகையாக மாறிவிட்டது. ‘நான்-யி-ஜுவோ-மோ’ ஒன்றே இரண்டுக்கும் இடம் விட்டு நிற்கிறது. கையால் பற்ற முயன்றும் அகப்படவில்லை என்னும் அத்தொடரில் முயன்ற கை இன்னும் தெரிகிறது.

இதற்கு மறுதலையான வழக்கும் உண்டு. டொனால்டு டிரம்ப் 2016 ஏப்ரல் 27 அன்று வாஷிங்டனில் நிகழ்த்திய வெளியுறவுக் கொள்கை உரையில், அமெரிக்கா இன்னும் ‘அன்பிரெடிக்டபிள்’ ஆக வேண்டும் என வலியுறுத்தினார். இங்கே சொல் தற்புகழ்ச்சி, போர்த்தந்திரம். இதனை ‘ஃபான்-ஃபு-வு-ச்சாங்’ எனப் பெயர்த்தால், தன் நாடு சொல் தவற வேண்டும் என்று பேச்சாளரே வேண்டியதாக முடியும். ‘பு-க-யு-த்ஸ’ நடுநிலையானது; ஆனால் உரையின் உள்ளெண்ணத்தைத் தராது. எதிரி எண்ணாத இடத்தில் வெளிப்படுதல் எனப் பொருள்படும் ‘ச்சு-ச்சி-பு-யி’, சுன்சியின் போர்க்கலை நூலில் வேர்கொண்ட மரபுத்தொடர். அவ்வெண்ணத்திற்கு மிக அண்மையது அதுவே. நான் பார்த்த அளவில், ஆங்கிலச் சொல்லின் இந்தப் பயன்பாட்டைச் சொற்பட்டியல் நூல்கள் கருதுவதே இல்லை. நிகரன்கள் யாவும் அறிபவரின் பக்கமிருந்தோ பழிப்பவரின் பக்கமிருந்தோ எழுதப்பட்டவை. கணிக்கப்படாதிருக்க விரும்புபவரின் பக்கம் வெறுமையாக இருக்கிறது.

நிலம் நடுங்கும்போது

சொல்லாய்வு இவ்வளவில் நின்றிருந்தால் இதனை மொழிபெயர்ப்பு நுணுக்கம் என்று ஒதுக்கிவிடலாம். நிலநடுக்கம் அப்படி ஒதுக்க விடுவதில்லை.

1975 பிப்ரவரி 4 அன்று லியாவ்னிங் மாகாணத்தின் ஹைச்செங் பகுதியில் 7.3 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. முன்னதிர்வுகள் தொடர்ந்து வந்த நிலையில், முக்கிய அதிர்வுக்கு முன்னரே பலர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டிருந்தனர். 1976 ஜூலை 28 அன்று டாங்ஷானில் நேர்ந்ததற்கு அத்தகைய அறிவிப்பு எதுவும் முன்வரவில்லை. அதிகாரப்பூர்வக் கணக்குப்படி ஏறத்தாழ 2,42,000 பேர் மாண்டனர். 2008 மே 12 அன்று வென்ச்சுவானில் மாண்டோரும் காணாமற்போனோரும் சேர்ந்து 87,000-க்கு மேற்பட்டோர். இதற்கிடையே 1997-இல் ராபர்ட் கெல்லரும் மூவரும் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை, நிலநடுக்கங்களைக் கணிக்க இயலாது என்பதைத் தலைப்பிலேயே அறிவித்தது.

அத்தலைப்பின் கருத்தைச் சீனத்தில் சொல்ல வேண்டுமாயின் ‘யு-த்ஸ’ வா ‘யு-பாவ்’ வா என்று தேர்ந்தாக வேண்டும். இத்தேர்வு நடையழகைப் பற்றியதன்று; சட்டமே இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. 1998-இல் வெளியிடப்பட்ட நிலநடுக்க முன்னறிவிப்பு மேலாண்மை விதிகளும், 2008-இல் திருத்தப்பட்ட நிலநடுக்கப் பேரிடர்த் தடுப்புச் சட்டமும் முன்னறிவிப்பை ஒருமுகப்பட்ட முறையில் அரசு மட்டுமே வெளியிட வேண்டும் என்கின்றன. தனி ஆளோ நிறுவனமோ ‘யு-த்ஸ’ கருத்தை உருவாக்கலாம். அதனை உரிய துறைக்கு எழுதித் தர வேண்டும். ‘யு-பாவ்’ ஆக ஊரறியச் சொல்லுதல் ஆகாது. அப்படியாயின், ‘நிலநடுக்கம் பு-க-யு-த்ஸ’ என்பது அறிவியலின் எல்லையைப் பற்றிய கூற்று. ‘நிலநடுக்கத்தை யு-பாவ் செய்யவியலாது’ என்பது எவ்வளவு சான்று இருந்தால் ஊரைக் காலி செய்யச் சொல்லலாம் என்னும் ஆட்சிப் பொறுப்பைப் பற்றிய கூற்று. முன்னது மெய்யாயிருக்க, பின்னது விவாதத்திற்குரியதாக இருக்கலாம். ஹைச்செங்கைப் பற்றிய நெடிய வாதம் இவ்விரண்டுக்கும் இடையிலேயே நடக்கிறது. ‘நிலநடுக்கம் அன்பிரெடிக்டபிள்’ என்னும் ஆங்கிலத் தொடர் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. மாண்டோரின் உறவினர் கேட்கும் கேள்விக்கு முதற்கூற்றை விடையாகச் சொல்லி இரண்டாவதிலிருந்து தப்பிக்க ஆங்கிலம் இடம் தரும்; சீனம் அவ்வளவு எளிதில் தராது. இந்த இடத்தில் நிகரன்களின் பன்மை குறைபாடன்று, வளம்.

கண்ணும் ஒப்பந்தமும்

சட்டத் துறையில் அளவுகோலும் மரக்காலும் பின்வாங்கக் கண் முன்வருகிறது. 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள சீனக் குடிமைச் சட்டத் தொகுப்பின் 180-ஆம் பிரிவு, தடுக்கவொண்ணா ஆற்றல் என்பதை முன்காணவும் தவிர்க்கவும் வெல்லவும் இயலாத புறநிலைச் சூழல் என்கிறது. அங்குள்ள வினை ‘யு-ஜியென்’. சூழ்நிலை மாற்றத்தைப் பேசும் 533-ஆம் பிரிவும் அதே வினையை ‘வு-ஃபா’ என்னும் தொடக்கத்தோடு ஆள்கிறது. வணிக இடர்ப்பாட்டை அதிலிருந்து விலக்குகிறது. 2023-இல் உச்ச மக்கள் நீதிமன்றம் வெளியிட்ட ஒப்பந்தப் பொதுவிதி விளக்கம், நெடுங்காலமாக விலை ஏறியிறங்கும் பெருஞ்சரக்குகளையும் பங்கு, முன்பேர ஒப்பந்தம் போன்றவற்றையும் இந்தச் சலுகைக்குப் புறத்தே நிறுத்தியது.

இதன் தருக்கம் எளிது. நாளை எண்ணெய் விலை என்னவாகும் என்று யாராலும் அளக்க முடியாது. ஆனால் அது ஏறவும் இறங்கவும் கூடும் என்பதை எவரும் முன்காணலாம். சந்தை ‘யு-த்ஸ’ க்கு அகப்படாதது. ‘யு-ஜியென்’ னுக்கு அகப்படுவது. ஆங்கிலத்தில் இவை ‘அன்பிரெடிக்டபிள்’, ‘அன்ஃபோர்சீயபிள்’ என இரு சொற்கள். சொற்பட்டியலில் இரண்டுக்கும் ‘நான்-யி-யு-லியாவ்’ என்ற ஒரே நிகரனை எழுதி மனனம் செய்தவர், பின்னொரு நாள் ஒப்பந்த வரைவில் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால், விலை சரிந்ததும் பொறுப்பிலிருந்து விடுபட முடியும் என்று ஒரு தரப்பும், அப்படியொன்றும் எழுதவில்லையே என்று மறுதரப்பும் வழக்காட நேரிடும்.

பதிவின் அமைப்பு

எனில் அகராதிப் பதிவு எவ்வாறு இருக்கலாம்? நிகரன்களைக் குறைப்பது தீர்வன்று. அவை எப்பெயரோடு சேர்கின்றன என்பதை முன்னிறுத்துவதே தேவை. விளைவு, தேர்தல், விலை ஆகியவற்றோடு ‘நான்-யி-யு-லியாவ்’. அறிவியல் அமைப்புகளோடு ‘பு-க-யு-த்ஸ’. வானிலை, கடல் ஆகியவற்றோடு, இலக்கிய நடை என்னும் குறிப்புடன் ‘பியென்-ஹுவான்-மோ-த்ஸ’. ஆளைக் குறிக்குமிடத்து முதலில் நிற்க வேண்டியது ‘நான்-யி-ஜுவோ-மோ’. ‘வு-ச்சாங்’ உள்ள தொடர்கள் பழிப்பு என்னும் குறியோடு அதன் பின்னர் வரலாம். ‘யு-யென்’ உள்ள நிகரனை நீக்கிவிடலாம். சொற்பிறப்புக்கு உண்மையாக இருக்கும் அது வழக்கிற்கு உண்மையாக இல்லை. ‘மிக’ என்னும் அடையோடு வரும் ஓர் எடுத்துக்காட்டுத் தொடரும் இன்றியமையாதது. இல்லையேல் ‘பு-க’ வின் முற்றான மறுப்பு மாணவர் மனத்தில் தங்கிவிடும்.

ஒரு வரிக்கு மேல் இடமில்லாத சொற்பட்டியல் நூலில் இவையனைத்தையும் எதிர்பார்க்க முடியாது என்பது நியாயமான மறுப்பு. அங்கே ஒரே நிகரனுக்குத்தான் இடம் என்றால் ‘ஹன்-நான்-யு-த்ஸ’ என்பதைத் தரலாம். அது பெயரடை வடிவில் இல்லை என்று பதிப்பாசிரியர்கள் தயங்கக்கூடும். ஈற்றில் ஒரு ‘த’ சேர்த்துக்கொள்வதில் அவர்களுக்குத் தடையொன்றும் இல்லை.